ஏணி, சாரம், டிராக்டர் மேடை: குர்லாவிலிருந்து ஒரு பார்வை

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸில் கிளம்பி வந்து சேர்ந்த ஊர், இன்றைய மும்பையின் குர்லா. அன்று ஹார்பர் ரயில் பாதையின் தலைக்கு மேலே ஓடியது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 2016-ல் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாறியது. ஆக, கம்பியைக் கவனிக்க ஆளை உயரத்தில் நிறுத்தி வேலை வாங்கும் பழக்கம் இந்த ஊர்த் தண்டவாளத்துக்கு நூறாண்டுப் பழசு.

அந்த மின்கம்பியைப் பழுது பார்க்க ரயில்வேக்காரர்கள் வைத்திருக்கும் வண்டிக்கு டவர் வேகன் என்று பெயர். தண்டவாளத்தில் தானே ஓடும் டீசல் வண்டி அது. கூரையில் கம்பித் தடுப்போடு ஒரு மேடை இருக்கும். மேடை உயரும், பக்கவாட்டில் திரும்பும். பார்க்க எளிய சாமான்தான். ஆனால் ஆள் அதில் ஏறுவதற்கு முன் நடக்கும் காரியங்களைக் கவனிக்க வேண்டும். முதலில் அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். நிறுத்தியதற்கு எழுத்தில் அனுமதிச் சீட்டு வருகிறது. பிறகு டிஸ்சார்ஜ் ராட் என்ற நீண்ட கோலை எடுத்து, அதன் கேபிள் முனையை முதலில் தண்டவாளத்தில் இறுக்கிவிட்டு, அதன்பிறகே கொக்கியைக் கம்பியில் மாட்டுகிறார்கள். வேலை முடிந்தால் கழற்றுவது நேர் எதிர் வரிசையில்: கம்பியிலிருந்து முதலில், தண்டவாளத்திலிருந்து கடைசியில். வரிசை மாறினால் கோலைப் பிடித்திருப்பவன் உயிர் போகலாம். மின்சாரம் ஓடும் கம்பிக்கு 2 மீட்டருக்குள் யாரும் வேலை செய்யக்கூடாது என்பது விதி. இத்தனையும் ஆன பின்புதான் ஆள் மேடைக்குப் போகிறான்.

ரயில்வேயின் அந்த வேலிக்கு வெளியே வந்தால் அதே உயரம், வேறு உலகம். ஏப்ரல், மே மாதங்களில் குர்லா முழுக்க ஆட்கள் மேலே ஏறிக்கொண்டிருப்பார்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்: சால் என்னும் வரிசைக் குடியிருப்பு வீடுகளின் கூரையில் நீலத் தார்ப்பாய் விரிப்பது, வீட்டுவசதிச் சொசைட்டிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் விரிசல் அடைப்பது, கழிவுநீர்க் குழாய் மாற்றுவது, தென்னை மட்டை கழிப்பது, பட்டறை ஷெட்டின் உடைந்த ஷீட்டை மாற்றுவது. 30 வருடம் கடந்த கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கட்டாயம் என்று மும்பை மாநகராட்சிச் சட்டம் சொல்கிறது. 2022 ஜூன் 27 இரவு குர்லா கிழக்கில் நாயக் நகர் சொசைட்டியின் நான்கு மாடிக் கட்டடம் இடிந்து 19 பேர் இறந்தபோது, பழுது பார்க்காத கட்டடம் என்ன செய்யும் என்று எல்லோரும் பேசினோம். பழுது பார்க்க மேலே ஏறுகிறவனை எது தாங்கும் என்று யாரும் பேசவில்லை.

3 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு சாதாரண முதல் மாடிச் சன்னல் மட்டத்திலிருந்து விழுபவன் தரையைத் தொட முக்கால் வினாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். தொடும்போது வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர். 6 மீட்டர் என்றால் 39 கிலோமீட்டர். ‘கொஞ்சம் உயரம்தானே’ என்று கட்டடத் தொழிலில் அடிக்கடி கேட்கும் பேச்சுக்கு இந்தக் கணக்குதான் பதில்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் குர்லாவில் உண்டு. எல்.பி.எஸ். மார்க்கின் இருபுறமும் உள்ள பழைய தொழிற்கூடங்களின் தலையில் இன்றும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்தான். அது வருடம் ஏற ஏற உடையும் தன்மை கூடும் பொருள். பார்க்க முழுசாக இருக்கும், தட்டினால் ஒலிக்கும், காலை வைத்தால் பிளக்கும். அனுபவப்பட்டவர்கள் ஜே-போல்ட் போட்ட வரிசையை மட்டும் மிதித்து நடப்பார்கள், ஏனென்றால் அதன் கீழேதான் ஷீட்டைத் தாங்கும் பர்லின் இரும்பு ஓடுகிறது. மழை ஒழுகாமலிருக்க ஷீட்டின் மேல் தார் பூசியோ தார்ப்பாய் போட்டோ மூடியிருந்தால் அந்தப் போல்ட் வரிசையும் மறைந்துவிடும். இப்படிப்பட்ட கூரையில் ஏறாமல், கீழிருந்து ஒரு மேடையில் நின்று கை எட்டும் தூரத்தில் வேலையை முடிப்பதே சரி. உயரத்து வேலைக்கு மேடை தேவை என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஊர் எதை வைத்து ஏறுகிறது என்று பார்ப்போம். முதலிடம் ஏணிக்கு. ஏணி என்பது ஏறி இறங்க ஒரு வழி. அதில் நின்றுகொண்டு இரு கையாலும் வேலை பார்க்க ஆரம்பித்தால் பிடிப்புக்குக் கை இல்லை. அடுத்து மூங்கில் சாரம், மும்பைக்காரர் வாயில் பராஞ்சி. இதைக் கேவலமாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. நல்ல மூங்கிலும், முறையாகக் கட்டிய முடிச்சும், கட்டடத்தோடு பிணைத்த கட்டும் இருந்தால் பராஞ்சி பல மாடி நிற்கும். அதன் குறை மூங்கிலில் இல்லை. நடக்கப் பலகை ஒன்றே ஒன்று, இடுப்புக்குக் குறுக்குக் கம்பு கிடையாது, மேல் கட்டுக்கு ஏற ஏணி கிடையாது, குரங்கைப் போல் தொற்றித்தான் போக வேண்டும். சாரத்துக்கும் ஏணிக்கும் ஐ.எஸ். 3696 என்ற இந்தியத் தரநிலை 1960-களிலிருந்தே இருக்கிறது. பெரிய பில்டரின் தளத்தில் அதன் சாயல் தெரியும். மூன்று பேர் வேலை பார்க்கும் பெயிண்டிங் கான்ட்ராக்டில் அந்த எண்ணைக் கேள்விப்பட்டவரே இருக்க மாட்டார்.

அடுத்தது ஜூலா. மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டி, பலகையில் உட்கார்ந்தபடி சுவர் ஓரமாக இறங்கும் முறை. குழாய் மாற்றுவோரும் வெளிச்சுவர்ப் பெயிண்டர்களும் இதை நம்பித்தான் இருக்கிறார்கள். முறைப்படி இதில் உட்காரும் கயிறு ஒன்று, உயிர்க்கயிறு தனியே இன்னொன்று, இரண்டுக்கும் வேறு வேறு பிடிமானம் வேண்டும். தெருவில் நாம் பார்ப்பது ஒரே கயிறு, அதுவும் தண்ணீர்த் தொட்டியின் காலில் கட்டியது.

கடைசியாக ஜே.சி.பி. வாளி. தெருவிளக்கு மாட்ட, பேனர் கட்ட, தலைவருக்கு ஆளுயர மாலை போட, பூ தூவ என்று எல்லாவற்றுக்கும் மகாராஷ்டிரத்தில் வாளிக்குள் ஆளை நிறுத்துகிறார்கள். மண்ணைக் கொட்டுவதற்காகவே செய்யப்பட்ட வாளி அது. ஓட்டுநரின் முழங்கை ஒரு லிவரில் பட்டால் அது தன் வேலையைச் செய்துவிடும். இந்த ஊரின் இன்னொரு விந்தையையும் சொல்லியாக வேண்டும். உறியடி விழாவான தஹி ஹண்டி அன்று பெரிய மண்டல்களில் மனிதக் கோபுரத்தின் உச்சியில் ஏறும் பையனுக்கு ஹார்னெஸ் மாட்டி, மேலே கிரேனில் கயிறு கட்டியிருப்பார்கள். உயர் நீதிமன்றம் வரை போய் வயதும் உயரமும் பேசப்பட்ட விவகாரம் அது. மறுநாள் அதே தெருவில் மூன்றாம் மாடிச் சன்னல் சஜ்ஜாவில் (சன்ஷேடில்) நின்று சிமெண்ட் பூசுகிறவனுக்கு ஒரு கயிறும் கிடையாது.

இந்த வரிசையில் சேரும் இன்னொரு சாமான்தான் நம் பொருள்: பட்டறையில் வெல்டிங் செய்து, டிராக்டரின் பின்னாலோ முன்னாலோ மாட்டி, ஆள் நின்று மேலே போகும் மேடை. தோட்டக்காரர்கள், பஞ்சாயத்து மின்பணியாளர்கள், பெரிய காம்பவுண்டு உள்ள ஆலைகள் என்று பலருக்கும் இந்த யோசனை வருவது இயல்பு. டிராக்டர் ஏற்கெனவே இருக்கிறது, அதில் ஹைட்ராலிக் இருக்கிறது, இரும்புக் கடை பக்கத்தில் இருக்கிறது. நீண்ட கையில் கூடையைத் தூக்கும் பூம் லிப்டை வாடகைக்கு எடுக்கும் காசுக்கு நாமே செய்துவிடலாமே என்று தோன்றும்.

இதை அரைகுறை வேலை என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு வரலாறு. இன்று விமான நிலையத்திலும் மால்களிலும் பார்க்கும் பூம் லிப்ட் பிறந்ததே தோட்டத்தில்தான். கலிபோர்னியாவில் ஜே ஐட்டல் என்பவர் 1944-ல் ஏணி போட்டுச் செர்ரி பறித்த எரிச்சலில்தான் கூடை வைத்த கையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார். சில வருடம் கழித்துக் கனடாவின் பழத்தோட்டப் பகுதியில் டெட் தார்ன்டன்-ட்ரம்ப் என்பவர் அதேபோல ஒன்றைச் செய்தார். அதனால்தான் அந்த இயந்திரத்துக்கு இன்றும் ‘செர்ரி பிக்கர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத்துப் பட்டறையில் பிறந்த அது தொழிற்சாலைப் பொருளாவதற்குள் வால்வு, தடுப்பு, சோதனை, தரநிலை என்று பல தலைமுறைத் திருத்தங்களைச் சந்தித்தது. நம் பட்டறைக்காரர் முதல் படியில் நிற்கிறார். பிரச்சினை அவர் அங்கே நிற்பதில் இல்லை. அடுத்த படிகளை அவருக்குக் காட்ட யாரும் இல்லை.

நம் பக்கத்தில் இந்தத் தேவை தென்னையிலிருந்து வந்தது. மரமேறிகள் குறைந்தபோது கண்ணூர் மாவட்டம் செம்பேரியில் ஒரு விவசாயி செய்த, காலால் மிதித்து ஏறும் கருவி ‘செம்பேரி ஜோசப் மாடல்’ என்று பரவியது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் ‘தென்னை மர நண்பர்கள்’ பயிற்சியைத் தொடங்கி, இந்தக் கருவியைக் கையில் கொடுத்து, கூடவே விபத்துக் காப்பீடும் ஏற்பாடு செய்தது. கவனிக்க வேண்டியது இந்தச் சேர்க்கை: கருவி, பயிற்சி, காப்பீடு மூன்றும் ஒரே பொட்டலமாக வந்தன. டிராக்டரில் ஹைட்ராலிக் மேடை பொருத்தித் தேங்காய் பறிக்கவும் பழமரம் கவாத்து செய்யவும் வேளாண் ஆய்வு நிலையங்களில் முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவை செம்பேரிக் கருவி போல ஊரெங்கும் பரவவில்லை. நெருக்கமாக மரம் நின்ற தோப்பில், வாய்க்கால் வரப்பு தாண்டி டிராக்டர் நுழைவதே பெரும்பாடு. திருநெல்வேலிப் பக்கமிருந்து மும்பை வந்த குடும்பங்களில் தளைநார் மாட்டிப் பனையேறிய தாத்தா உள்ளவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். அவருக்கு மரமே ஏணி. மேடைக்கு முதலில் சமதரை வேண்டும்.

தரைக்கு வருவோம், ஏனென்றால் டிராக்டர் மேடையின் முழு விதியும் அங்கேதான் இருக்கிறது.

ஆளைத் தூக்குவது ஹைட்ராலிக்குக்கு ஒரு பொருட்டே இல்லை. 63 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு பழைய சிலிண்டருக்கு 150 பார் அழுத்தம் கொடுத்தால் நாலரை டன்னுக்கு மேல் தள்ளும். சாதாரண 45 குதிரைசக்தி டிராக்டரின் பின் கைகளே ஒன்றரை டன் தூக்கும். அதனால் முதல் சோதனையில் மேடை அழகாக மேலே போய்விடும், எல்லோரும் கைதட்டுவார்கள். தூக்கியதை அங்கேயே நிறுத்தி வைப்பதும், வண்டி சாயாமல் இருப்பதும் வேறு கணக்கு.

சாய்வதைப் பார்ப்போம். காருக்கு நான்கு சக்கரம், டிராக்டருக்கும் நான்கு சக்கரம். ஆனால் டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரு முளையில் (pin) தொங்குகிறது, மேடு பள்ளத்தில் முன் சக்கரங்கள் ஏறி இறங்குவதற்காக. ஆகவே அது நிற்கும் அடித்தளம் செவ்வகம் இல்லை. பின் சக்கரம் இரண்டு, முன்னால் அந்த முளை ஒன்று என முக்காலி போன்ற முக்கோணம். டிராக்டரின் பாரம் விழும் இடத்தில் அந்த முக்கோணத்தின் பாதி அகலம் அரை மீட்டர்கூடத் தேறாது.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். டிராக்டர் 2 டன், பின் சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர். கூடையும் ஆளும் சாமானும் சேர்ந்து 200 கிலோ, நடுவிலிருந்து 3 மீட்டர் பக்கவாட்டில், 6 மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. கையின் இரும்பு 150 கிலோ. சமதரையில் வண்டியை நிறுத்திவைக்கும் திருப்பு விசை சுமார் 860 கிலோகிராம்-மீட்டர், கவிழ்க்கப் பார்க்கும் விசை சுமார் 670. நிற்கிறது. இப்போது ஒரு பின் டயர் பள்ளத்தில் இறங்கி வண்டி 5 பாகை மட்டும் சாய்கிறது என்று வையுங்கள். 6 மீட்டர் உயரத்தில் உள்ள கூடை அரை மீட்டருக்கு மேல் வெளியே நகர்ந்துவிடும். நிறுத்தும் விசை 720-க்கு இறங்குகிறது, கவிழ்க்கும் விசை 820-க்கு ஏறுகிறது. வண்டி போய்விட்டது. 5 பாகைச் சாய்வு என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் கவனிக்காத சாய்வு. காற்று குறைந்த ஒரு டயரும், மழையில் ஊறிய மண்ணும் அந்த அளவைக் கொடுக்கப் போதும்.

எனவே தாங்குகால் இல்லாத டிராக்டர் மேடை, எவ்வளவு கெட்டியாக வெல்டிங் செய்திருந்தாலும், மேடை ஆகாது. நான்கு பக்கமும் விரிந்து, டயரின் பாரத்தைத் தான் வாங்கி, கீழே தடித்த பலகையோ இரும்புத் தகடோ போட்டு ஊன்றும் கால்கள் வேண்டும். கால் ஊன்றாமல் கை உயராதபடி ஒரு பூட்டும் வேண்டும். இந்தப் பூட்டை நம் பட்டறைகள் போடுவதே இல்லை. ‘டிரைவர் பார்த்துக்கொள்வார்’ என்பதுதான் பதில்.

அடுத்தது நிறுத்தி வைப்பது. டிராக்டரின் மும்முனை இணைப்பு கலப்பையைத் தூக்க வந்தது. கலப்பை தானாகக் கொஞ்சம் இறங்கினால் உழவனுக்கு நட்டமில்லை. லிவரைக் கீழே தள்ளினால் புவியீர்ப்பில் விழும்படிதான் அதன் சிலிண்டரே அமைந்திருக்கிறது. ஆள் ஏறும் மேடையில் ஹோஸ் வெடித்தாலும் எண்ணெய் வெளியே ஓடாதபடி சிலிண்டரின் வாயிலேயே திருகிய தடுப்பு வால்வு இருக்க வேண்டும். வால்வை ஹோஸின் மறுமுனையில், டிராக்டர் பக்கம் வைப்பது பயனற்றது, வெடிப்பது இடையில் உள்ள ஹோஸ்தானே. இன்ஜின் நின்றுவிட்டால் மேலே இருப்பவனைக் கையால் மெதுவாக இறக்க ஒரு சின்னத் திருகும் வேண்டும். கட்டுப்பாட்டு லிவர் கூடைக்குள்ளேயும் இருக்க வேண்டும், கீழே ஒருவர் அவசரத்துக்குத் தொடும்படியும் இருக்க வேண்டும்.

மிச்சமெல்லாம் சின்னச் சின்ன விஷயம். ஆனால் இவற்றிலும் உயிர் போகும். குர்லாவின் சி.எஸ்.டி. ரோட்டில் பழைய வண்டிச் சாமான் கடைகளில் டிப்பர் சிலிண்டரும் கனத்த குழாயும் ஹைட்ராலிக் பம்பும் கிடைக்கும். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலை பத்மினி கார் செய்துகொண்டிருந்த ஊர் இது, இரும்பைக் கையாளத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காயலான் குழாய்க்குப் பிறப்புச் சான்று கிடையாது. வெளியே பெயிண்ட் அடித்திருக்கும், உள்ளே துரு தின்றிருக்கும். முனையில் சாய்த்து வெட்டிய இடத்தில் சுவர் கனம் எவ்வளவு இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வெல்டிங்கும் அப்படித்தான். மணி கோத்த மாதிரி அழகாக ஓடிய வெல்ட் உள்ளே பிடிக்காமல் மேலே உட்கார்ந்திருக்கலாம். கை மடங்கும் மூட்டில் உள்ள பின்னுக்கு முறையான பூட்டுக்குப் பதில் ஒரு ஆணியை வளைத்து விட்டிருந்தால், அந்த மேடையில் ஏறாமல் திரும்பிவிடுவது உத்தமம்.

கூடைக்குச் சுற்றுத் தடுப்பு ஐரோப்பியத் தரத்தில் 1.1 மீட்டர். நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, அடியில் சாமான் உருண்டு விழாமல் ஒரு விளிம்புத் தகடு, உள்பக்கமாக மட்டுமே திறக்கும் கதவு. ஹார்னெஸ் முழு உடலுக்கானதாக இருக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழும்போது முதுகை முறிக்கும். கயிற்றின் நீளத்திலும் ஒரு சூட்சுமம். அதிர்ச்சி தாங்கியோடு வரும் 1.8 மீட்டர் கயிறு முழுதாக வேலை செய்ய, கயிற்றை மாட்டிய இடத்துக்குக் கீழே கிட்டத்தட்ட 6 மீட்டர் வெற்றிடம் வேண்டும். முதல் மாடி உயரத்தில் அதை மாட்டிக்கொண்டவன் கயிறு இறுகுவதற்கு முன் தரையில் இருப்பான். கூடையில் குட்டைக் கயிறுதான் சரி, கூடையை விட்டு வெளியே போக விடாத நீளம்.

மின்கம்பியைப் பற்றி மும்பைக்காரருக்குக் கொஞ்சம் அசட்டைதான். நகரில் பெரும்பாலும் கேபிள் மண்ணுக்கடியில் போவதால் வந்த அசட்டை. ரயில் பாதையோரமும், உயர் அழுத்தக் கோபுரங்களின் கீழும், தமிழ்நாட்டுக் கிராமச் சாலையிலும் அது செல்லாது. இரும்பு மேடை கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, உயர் அழுத்தத்துக்கு மிக அருகில் போனாலே மின்சாரம் பாயலாம். காற்றையும் மறக்கக்கூடாது. 2024 மே 13 அன்று காட்கோபரில் 120 அடிக்கு 120 அடி ஹோர்டிங் புழுதிக்காற்றில் சாய்ந்து 17 பேரைக் கொன்றது. கூடையின் தடுப்பில் விளம்பர பிளெக்ஸ் கட்டி மேலே போகிறவர்கள் தங்களுக்கென ஒரு சிறிய பாய்மரப் பாயை விரித்துக்கொள்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? வெளிநாட்டில் தெளிவாகச் சொல்கிறது. பிரிட்டனில் 1998-ன் விதிப்படி ஆளைத் தூக்கும் எந்தச் சாதனமும் 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவரால் முழுதாகப் பரிசோதிக்கப்பட வேண்டும். போர்க்லிப்ட்டில் கூண்டு மாட்டி ஆளைத் தூக்குவதை அவர்கள் எப்போதோ ஒருமுறை வரும் அவசர வேலைக்கு மட்டும் அனுமதிக்கிறார்கள். அமெரிக்காவில் தூக்குமேடையைச் சொந்தமாக மாற்றியமைத்தால், தயாரிப்பாளரோ அங்கீகரித்த சோதனைக்கூடமோ எழுத்தில் சான்று தர வேண்டும். நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே ஹாயிஸ்ட், லிப்ட்டுக்கு 6 மாதப் பரிசோதனை வைத்திருந்தது. அதையும் 1996-ன் கட்டடத் தொழிலாளர் சட்டத்தையும் உள்வாங்கிய புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் கட்டட வேலைக்குப் பழைய சட்டத்திலும் புதியதிலும் வாசல் ஒன்றேதான்: பத்து தொழிலாளர். காலையில் கூலியாட்கள் கூடும் நாக்காவில் நின்று, ஒரு தேக்கேதாரோடு (ஒப்பந்தக்காரரோடு) இரண்டு மூன்று பேராகப் போகிறவர்கள் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

வண்டிச் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. கழற்றி மாட்டும் கருவி வேறு, சேஸிஸில் பற்றவைத்த கருவி வேறு. டிராக்டரின் உடம்பிலேயே வெல்டிங் செய்துவிட்டால் பதிவுச் சிக்கலும், விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனியோடு வழக்கும் நிச்சயம்.

தடை போட்டால் முடிந்துவிடும் என்பார்கள். முடியாது. மேடையைத் தடை செய்தால் அதில் நின்றவன் ஏணிக்கும் ஜே.சி.பி. வாளிக்கும் திரும்பிப் போவான், அவ்வளவுதான் நடக்கும். நமக்கு முன்னுதாரணம் கதிரடிக்கும் இயந்திரத்தில் இருக்கிறது. பசுமைப் புரட்சிக்குப் பின் பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசக் கிராமப் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் திரெஷர் செய்து விற்றன. கதிரைக் கையால் தள்ளும் வாய் குட்டையாக இருந்ததால் பலரின் கைகள் போயின. அரசு அந்தப் பட்டறைகளை மூடவில்லை. கதிர் தள்ளும் வாய் எவ்வளவு நீளம், மேல் மூடி எதுவரை என்று அளவு சொல்லி ஐ.எஸ். 9020 தரநிலை வந்தது. 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. விபத்துகள் முழுக்க ஒழிந்துவிடவில்லை, அமலாக்கமும் இழுபறிதான். ஆனாலும் கிராமத்துக் கொல்லர் கையில் பின்பற்ற ஒரு வரைபடமாவது வந்து சேர்ந்தது.

டிராக்டர் மேடைக்கும் அதுதான் வழி என்பது என் முடிவு. ஒரு வேளாண் பொறியியல் கல்லூரியோ ஐ.டி.ஐ.யோ 6 மீட்டருக்கு மேற்படாத, தாங்குகால் பூட்டுள்ள, ஒரு ஆளுக்கான மேடைக்கு இலவச வரைபடம் வெளியிடட்டும். செய்து முடித்த மேடையில் மணல் மூட்டை ஏற்றி, சொல்லப்பட்ட சுமையைவிடக் கூடுதலாக வைத்து, எல்லாத் திசையிலும் திருப்பிப் பார்த்து, ‘இவ்வளவு கிலோ, இவ்வளவு உயரம், இந்தத் தேதி வரை’ என்று தகடு அடித்துக் கொடுக்க மாவட்டத்துக்கு ஓரிடம் இருக்கட்டும். தகடில்லாத மேடைக்குக் காப்பீடில்லை என்று ஆனால், பட்டறைக்காரரே வரைபடத்தைத் தேடி வருவார்.

இதில் குர்லாவுக்கு எவ்வளவு பங்கு என்றும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். டிராக்டர் மேடை ஆலை வளாகத்துக்கும், டிரக் யார்டுக்கும், பெரிய சொசைட்டியின் தென்னை மரங்களுக்கும் சரிப்படும். இரண்டு பேர் எதிரெதிரே நடக்க முடியாத சால் சந்துக்குள் அது நுழையாது. அங்கே தேவை, பிரித்து எடுத்துப் போய்ப் பூட்டி நிறுத்தும் அலுமினிய அல்லது இரும்புக் குழாய்க் கோபுரம், அடியில் பூட்டுள்ள சக்கரம், மேலே தடுப்போடு மேடை. ஒவ்வொரு சொசைட்டியும் தனியாக வாங்க வேண்டியதில்லை. நான்கைந்து சொசைட்டி சேர்ந்து ஒன்று வாங்கி வைத்தால் மழைக்காலத்துக்கு முந்தைய இரண்டு மாதமும் அதற்கு ஓய்வு இருக்காது.

குர்லாவிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் சொசைட்டிச் செயலாளராக இருக்கும் நம் தமிழர்கள் நிறையப் பேர். அடுத்த பெயிண்டிங் கொட்டேஷன் மேசைக்கு வரும்போது சதுர அடி ரேட்டுக்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள்: ஆள் எதில் நின்று வேலை செய்வான், அது எதில் பிணைக்கப்பட்டிருக்கும், ஹார்னெஸ் எத்தனை, காப்பீட்டுத் தாள் எங்கே. பதில் இல்லாத கொட்டேஷன் எவ்வளவு மலிவானாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.